மூச்சு விடுபவருக்குச் சொல்லுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டி வெர்னான் என்று ஒரு குட்டி நகரம் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 112 பேர்தான். மற்றபடி எங்கு பார்த்தாலும் ஆலைகள், கிடங்குகள், சரக்கு ரயில் பாதைகள். பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உருக்கி, ஈயம் பிரித்தெடுக்கும் எக்சைட் நிறுவனத்தின் ஆலையும் அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் 1922 முதலே உலோகம் உருக்கி வந்தார்கள். காற்று நகர எல்லைக்குக் கட்டுப்படுவதில்லை. வெர்னானைச் சுற்றியிருந்த போயில் ஹைட்ஸ், மேவுட், பெல், ஹன்டிங்டன் பார்க் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த மக்கள், பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள், அந்தப் புகையைத்தான் இரண்டு மூன்று தலைமுறைகளாகச் சுவாசித்தார்கள்.

2013-ல் அவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஆலையிலிருந்து வெளியேறும் ஆர்சனிக் காரணமாகச் சுமார் 1,10,000 பேருக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆலைக்கு மிக அருகே வேலை செய்பவர்களுக்கு அது பத்து லட்சத்துக்கு 156 என்ற அளவை எட்டுகிறது. இதுதான் அதன் சாரம். ஒரு பத்திரிகையாளர் துப்பறிந்து எழுதிய செய்தியோ, யாரோ கசியவிட்ட ரகசியமோ இதற்குக் காரணமில்லை. ஆபத்தைக் கணக்கிட்டு, அதற்கு ஆளாகும் ஒவ்வொருவருக்கும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னதால் வந்த அறிவிப்பு அது.

அந்தச் சட்டம் 1987-ல் கலிபோர்னியா மாநிலத்தில் இயற்றப்பட்டது. சட்டமன்றத்தில் அதற்கு இடப்பட்ட எண்ணைக் கொண்டு இன்றும் அதை ‘ஏபி 2588’ என்றே அழைக்கிறார்கள். நச்சுப் பொருள்களைக் காற்றில் விடும் ஆலை ஒவ்வொன்றும் எதை, எவ்வளவு விடுகிறது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். உள்ளூர் காற்று வாரியம் அந்தக் கணக்கைப் பார்த்து, கவலைக்குரிய ஆலைகளைப் பொறுக்கியெடுக்கும். அப்படிப் பொறுக்கப்பட்ட ஆலை, உடல்நல ஆபத்து மதிப்பீடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். புகைபோக்கியின் உயரம், காற்றின் திசை, வீடுகளின் தொலைவு எல்லாவற்றையும் வைத்து, நச்சு எந்தத் தெரு வரை எந்த அளவில் போய்ச் சேர்கிறது என்று வரைபடம் போட வேண்டும். ஆபத்து குறிப்பிடத்தக்கது என்று வாரியம் முடிவு செய்தால், அந்த வரைபடத்துக்குள் வாழும் எல்லோருக்கும் ஆலையை நடத்துபவரே அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் சட்டத்தின் உயிர். நச்சை வெளியிடுபவரே, அதைச் சுவாசிப்பவரின் வீட்டு முகவரிக்கு, இன்ன அளவு ஆபத்து என்று எழுதி அனுப்ப வேண்டும். மனுப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. அலுவலகப் படியேற வேண்டியதில்லை. தகவல் தானாக வீடு தேடி வரும்.

தெற்குக் கலிபோர்னியாவின் காற்று வாரியம் இதற்கான வரம்பைப் பத்து லட்சத்துக்கு 10 என்று வைத்திருக்கிறது. இந்த எண்ணைப் புரிந்துகொண்டால்தான் மற்ற விவாதங்கள் புரியும். ஓர் இடத்தில் பத்து லட்சம் பேர் நீண்ட காலம் அந்தக் காற்றைச் சுவாசித்து வாழ்ந்தால், மற்றக் காரணங்களால் வரும் புற்றுநோய்களுக்கு மேல், இந்த ஆலையால் மட்டும் கூடுதலாகப் பத்துப் பேருக்கு வரக்கூடும் என்பது இதன் பொருள். முன்பு 70 ஆண்டு வாழ்நாளை வைத்துக் கணக்கிட்டார்கள். 2015-ல் வந்த புதிய வழிகாட்டி, ஒரே வீட்டில் 30 ஆண்டு வாழ்வதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. காலம் குறைந்தும் பல ஆலைகளுக்குக் கணக்கில் ஆபத்து கூடியது. காரணம் குழந்தைகள். கருவின் கடைசி மூன்று மாதம் முதல் இரண்டு வயது வரை புற்றுநோய் ஊக்கிகளின் பாதிப்பைப் பத்து மடங்காகவும், இரண்டு முதல் பதினாறு வயது வரை மூன்று மடங்காகவும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்த வழிகாட்டி சொன்னது. அதுவரை ஆபத்து என்று கணக்கிட்டதெல்லாம் ஏறக்குறைய வளர்ந்த மனிதனின் நுரையீரலை மனத்தில் வைத்துத்தான். தொட்டிலில் கிடப்பது கணக்குக்குள் வர இத்தனை காலமாயிற்று.

புற்றுநோய் அல்லாத பாதிப்புகளுக்கு வேறு அளவுகோல் உண்டு. மூச்சுத் திணறல், நரம்புக் கோளாறு போன்றவற்றை உண்டாக்காது என்று கருதப்படும் அளவால், உண்மையில் காற்றில் இருக்கும் அளவை வகுத்துப் பார்ப்பார்கள். விடை ஒன்றைத் தாண்டினால் அதற்கும் அறிவிப்பு உண்டு.

அறிவிப்புக் கடிதம் நேரடியாக எந்த ஆலையையும் மூடுவதில்லை. 1992-ல் சேர்க்கப்பட்ட திருத்தம்தான் ஆபத்து அதிகமுள்ள ஆலைகள் அதைக் குறைத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆனாலும் கடிதத்துக்கென்று தனிச் சக்தி இருந்தது. அக்கம்பக்கத்தாருக்கு அப்படியொரு கடிதம் அனுப்பும் நிலை வரக் கூடாது என்பதற்காகவே பல நிறுவனங்கள் கரைப்பானை மாற்றின, வடிகட்டி பொருத்தின, அளவை வரம்புக்குக் கீழே கொண்டுவந்தன. தண்டனைக்கு அஞ்சாதவர்கள்கூடத் தெருவின் பார்வைக்கு அஞ்சினார்கள்.

எக்சைட் விஷயத்தில் ஆபத்து வெளியே தெரிந்த பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரலில் மாநில நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை ஆலையைத் தற்காலிகமாக மூட உத்தரவிட்டது. ஜூனில் நீதிமன்றம் மறுபடி திறக்க அனுமதித்தது. மக்கள் விடவில்லை. கூட்டம் கூட்டமாகத் திரண்டார்கள். ஆலை முழுமையான அனுமதி இல்லாமல், இடைக்கால அனுமதியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. 2015 மார்ச்சில், மத்திய அரசு வழக்கறிஞருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பிறகு மண்ணைப் பரவலாகச் சோதித்தார்கள். சுற்றிலும் 1.7 மைல் தொலைவுக்குள் ஆயிரக்கணக்கான வீட்டுத் தோட்டங்களில் ஈயம் படிந்திருந்தது. குழந்தைகள் விளையாடிய மண் அது. துப்புரவுக்கு மாநில அரசு 2016-ல் 17.6 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2020-ல் நிறுவனம் திவாலாகி, அந்த இடத்தையே கைவிட்டுப் போக நீதிமன்றம் அனுமதித்தது. அறிவிப்பு தாமதமாக வந்தது, இழப்பு மீளவில்லை. ஆனால் அதுவும் வராமல் இருந்திருந்தால் அந்தப் புகைபோக்கி இன்னும் எத்தனை காலம் புகைந்திருக்கும்?

இந்த முறையில் குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. தெற்குக் கலிபோர்னியாவில் 2018-19-ல் எடுத்த அளவீடுகளின்படி, அந்த வட்டாரக் காற்றில் கலந்துள்ள எல்லா நச்சுகளாலும் சேர்ந்து ஏற்படும் புற்றுநோய் ஆபத்து சராசரியாகப் பத்து லட்சத்துக்கு 400-க்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதி டீசல் புகையின் பங்கு. பத்துக்கு மேல் என்றால் கடிதம் வருகிறது, ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவருக்கு நானூறுக்குக் கடிதம் எழுத யாருமில்லை, ஏனென்றால் லாரிகளுக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. அந்தப் பின்னணியைச் சொல்லாமல் ஒரு தனி எண்ணை மட்டும் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனால், வாங்கியவர் ஒன்று தேவைக்கு மேல் பயப்படுவார், அல்லது எறிந்துவிடுவார்.

எறிந்துவிடும் பழக்கத்துக்கும் அதே மாநிலத்தில் உதாரணம் உண்டு. 1986-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘புரொபோசிஷன் 65’ என்ற சட்டம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னது. விளைவு, ஓட்டல், வாகன நிறுத்துமிடம், காபிக் கடை என்று திரும்பிய பக்கமெல்லாம் பலகை. எந்தப் பொருள், எவ்வளவு, என்ன செய்வது என்ற விவரம் ஒன்றும் இருக்காது. 2018-ல் அமலுக்கு வந்த திருத்திய விதிகள் பொருளின் பெயரையாவது குறிப்பிட வைத்தன. எல்லா இடத்திலும் இருக்கும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. ஏபி 2588 கடிதம் இதிலிருந்து வேறுபடும் இடம் ஒன்றே: அது ஆலையின் பெயரைச் சொல்கிறது, நச்சின் பெயரைச் சொல்கிறது, உங்கள் வீடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது, கேள்வி கேட்கப் பொதுக்கூட்டத்துக்கும் வழி செய்கிறது.

அப்படிக் கட்டாயமில்லாத இடத்தில் என்ன நடக்கும்? அதற்கு விடை இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவின் மேற்குப் புறநகரான வில்லோபுரூக்கில் இருக்கிறது.

அங்கே ஸ்டெரிஜெனிக்ஸ் நிறுவனம் எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தி மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்து வந்தது. அமெரிக்காவில் பயன்படும் மருத்துவக் கருவிகளில் சுமார் பாதி இந்த வாயுவால்தான் தூய்மையாகின்றன. ஆகவே இது தேவையற்ற தொழில் அல்ல. 2016 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஆய்வை வெளியிட்டது. எத்திலீன் ஆக்சைடு, முன்பு நினைத்ததைவிட வளர்ந்தவர்களுக்குச் சுமார் 30 மடங்கு அதிகமாகப் புற்றுநோயைத் தூண்டக்கூடியது என்றது அந்த ஆய்வு. இந்த வாயுவுக்கு ஒரு கொடிய குணம் உண்டு. காற்றில் மிக மிக அதிக அளவில் இருந்தால்தான் மூக்குக்கு மணம் தெரியும். தீங்கு செய்யும் அளவோ அதற்கு வெகு கீழே. ஒருவர் இருபது ஆண்டு சுவாசித்தாலும் தன் உடலில் எதுவும் நுழைவதை அறிய மாட்டார். அவரிடம் யாராவது சொன்னால்தான் உண்டு.

யாரும் உடனே சொல்லவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசின் நச்சுக்காற்று மதிப்பீடும், அந்த ஆலையைப் பற்றிய உடல்நல அறிக்கையும் வெளியான பிறகுதான் வில்லோபுரூக் மக்களுக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்த ஆறு மாதத்துக்குள், 2019 பிப்ரவரியில், மாநில அரசு அந்த ஆலையின் எத்திலீன் ஆக்சைடு இயக்கத்துக்கு முத்திரை வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இனித் திறக்கப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்துக்கொள்ள 40.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே.

சுற்றுச்சூழல் முகமைக்குள்ளேயே இருக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இந்தத் தாமதத்தை ஆராய்ந்தது. 2020 மார்ச் 31 அன்று அது வெளியிட்ட எச்சரிக்கை, ஆபத்து அதிகமுள்ள 25 எத்திலீன் ஆக்சைடு ஆலைகளில் 16-ஐச் சுற்றி வாழும் மக்களிடம் அதிகாரிகள் நேரில் கூட்டம் நடத்தித் தகவல் சொல்லவில்லை என்றது. 2021-ல் வந்த இன்னொரு அறிக்கை, வில்லோபுரூக்கில் தலைமையிடத்து அறிவுறுத்தல்களே வட்டார அலுவலகத்தின் கையைக் கட்டி, அறிவிப்பைத் தாமதப்படுத்தின என்று பதிவு செய்தது. அந்த முகமையின் கையில் ஆய்வு இருந்தது, அளவீடு இருந்தது, ஆலைகளின் பட்டியல் இருந்தது. சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் மட்டும் இல்லை. 2022 ஆகஸ்டில், ஆபத்து அதிகமுள்ள 23 கிருமிநீக்க ஆலைகளின் பெயர்களை முகமை தானே வெளியிட்டு மக்களைச் சந்திக்கத் தொடங்கியது. ஆய்வு முடிந்து ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு!

சொல்லும் கடமை என்பது அதிகாரியின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நல்ல அதிகாரிகூட இன்னும் ஒருமுறை அளந்து பார்ப்போம், பீதி கிளம்பிவிடும், மேலிடத்தைக் கேட்போம் என்று தள்ளிப்போடுவார். வரம்பு எண்ணைச் சட்டம் முன்கூட்டியே குறித்துவிட்டால் தள்ளிப்போட இடமில்லை.

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து பிறந்தன என்று பின்னோக்கிப் போனால் வழி இந்தியாவுக்கு வந்து சேர்கிறது. 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. அந்த ஆலையில் ஊழியர்களுக்கு ஒரு சங்கும் ஊர்மக்களுக்கு ஒரு சங்கும் இருந்தன. சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் ஊர் பதறக் கூடாது என்று இரண்டையும் தனித்தனியே இயங்கும்படி பிரித்து வைத்திருந்தார்கள். அன்றிரவு ஊருக்கான சங்கு சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மறுபடி அது தொடர்ந்து ஒலித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அதற்குள் தெருக்களில் பிணங்கள் விழத் தொடங்கிவிட்டன. ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்ற எளிய செய்திகூட அந்தக் குடிசைகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982 முதலே இந்த ஆலையால் ஊர் அழியும் என்று எழுதி வந்தார். கேட்பார் இல்லை.

எட்டு மாதம் கழித்து, 1985 ஆகஸ்டில், அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் கசிவு ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அமெரிக்கா விழித்துக்கொண்டது. 1986-ல், ஆலைகள் வெளியிடும் நச்சுகளை ஆண்டுதோறும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது. முதல் கணக்கு வெளியாகும் முன்பே, 1988-ல், மான்சான்டோ நிறுவனம் தன் காற்று நச்சுகளை 1992-க்குள் 90 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. போபாலின் பிணங்கள் அமெரிக்கத் தெருக்களுக்கு அறியும் உரிமையைப் பெற்றுத் தந்தன.

இந்தியாவும் சட்டம் போடாமல் இல்லை. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தைப் பற்றிய விவரங்களைத் தொழிலாளர்களுக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும் என்ற 41பி பிரிவு சேர்ந்தது. 1989-ன் அபாயகர வேதிப்பொருள் விதிகளில் 15-ஆம் விதி, பெருவிபத்தால் பாதிக்கப்படக் கூடிய வெளியாட்களுக்கு ஆபத்தின் தன்மையையும், செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. ஏட்டில் இது நல்ல விதி.

நடப்பு வேறு. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு விசாரித்தபோது, 36 இடங்களில் சங்கை ஒலிக்கும் வசதி இருந்தும் எதுவும் அழுத்தப்படவில்லை என்று தெரிந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரையில், கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது நெடிதான். கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு அறிவித்தது. 24 மணி நேர வரம்பு 400. அமோனியாவுக்கு நெடி இருப்பதால் ஓட முடிந்தது. வில்லோபுரூக்கின் வாயு போன்ற ஒன்று என்றால்?

விபத்தைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்திய விதிகள் சொல்லச் சொல்வதெல்லாம் பெருவிபத்தை மனத்தில் வைத்துத்தான். தினசரி, கொஞ்சம் கொஞ்சமாக, அனுமதி பெற்றே வெளியேறும் நச்சால் பத்து, இருபது ஆண்டுகளில் என்ன ஆபத்து சேர்கிறது என்று கணக்கிட்டு வீட்டுக்குத் தெரிவிக்க எந்த விதியும் இல்லை. கைபேசியில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடும் இதற்கு உதவாது. 2009-ல் வகுத்த தேசியக் காற்றுத் தர நெறிகளில் 12 மாசுகள் உள்ளன. 2015-ல் அறிமுகமான குறியீட்டில் சேர்ந்தவை எட்டு மட்டுமே. விடுபட்ட நான்கு: பென்சீன், பென்சோபைரீன், ஆர்சனிக், நிக்கல். நான்குமே புற்றுநோய் ஊக்கிகள். குறியீடு பச்சையாக இருக்கும் நாளிலும் ஓர் ஆலைவாசல் கிராமம் பென்சீனைச் சுவாசித்துக்கொண்டிருக்கலாம்.

சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் தாங்களே அளந்து பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 1994-ல் கலிபோர்னியாவின் ரோடியோ ஊரில் யூனோகால் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாள் நச்சு கசிந்தது. அதற்குப் பின், சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் மலிவான கருவி அங்கே உருவானது. அந்த வாளி 2004-ல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களுக்கு வந்தது. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் என்று ஆலைக்கழிவு பார்த்த உப்பனாற்றங்கரை ஊர்களில், கிராமத்துப் பெண்களும் ஆண்களும் எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன வாடை என்று நோட்டில் குறித்தார்கள், வாளியில் காற்றைப் பிடித்தார்கள். புற்றுநோய் ஊக்கிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அந்தக் காற்றில் இருப்பது தெரிந்தது. பிறகு நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அங்கே ஆராய்ந்தது. சிப்காட் பகுதியில் வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று அந்த அறிக்கை கூறுவதாக 2008-ல் செய்திகள் வந்தன. கலிபோர்னியாவாக இருந்தால் அந்த எண்ணில் மிகச் சிறிய பகுதிக்கே வீடுதோறும் கடிதம் போயிருக்கும். இங்கே அது செய்தித்தாளோடு நின்றது.

தமிழ்நாட்டில் அளவீடே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. மாசு அதிகமுள்ள 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியில் தொடர் அளவீட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-லேயே உத்தரவிட்டது. அந்த எண்கள் வாரியத்தின் கணினிக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் எது மனித உடலுக்கு என்ன செய்யும் என்று கணக்கிட்டு, தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பள்ளியிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் வீட்டிலும் சேர்ப்பிக்க வேண்டும் என்ற விதிதான் இல்லை. ஆலைக்கான இசைவாணையைப் புதுப்பிக்கும்போது, ஆபத்து மதிப்பீட்டையும் அறிவிப்பையும் நிபந்தனையாக வாரியம் சேர்க்கலாம். பத்து லட்சத்துக்குப் பத்து என்ற வரம்பைத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. ஏதோ ஓர் எண்ணை முன்கூட்டியே அறிவித்து, அதைத் தாண்டினால் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதினால் போதும்.

அதுவரை, இருக்கும் விதியையாவது பயன்படுத்த வேண்டும். சிப்காட் வளாகத்தையோ, ரசாயனக் கிடங்கையோ, அமோனியா குளிர்பதனக் கூடத்தையோ ஒட்டி வாழ்பவர்கள் அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். 15-ஆம் விதிப்படி எங்கள் ஊருக்குத் தர வேண்டிய தகவல் எங்கே? மாவட்ட நிர்வாகத்தின் ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தில் எங்கள் தெரு இருக்கிறதா, ஒத்திகை எப்போது? இந்த ஆலை ஆண்டுக்கு எந்தெந்த நச்சை எவ்வளவு காற்றில் விடுகிறது? நகரத்தில் இருப்பவர்கள் இதே கேள்விகளை வார்டு கூட்டத்திலும், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.